ஒரு நாள் சீனியர்

அவர் புதன்கிழமை வேலையில் சேர்ந்தார். நான் வியாழக்கிழமை சேர்ந்தேன். இரண்டு பேருக்கும் நியமனம் ஒரே நாளுக்குத்தான் வந்திருந்தது. புதன்கிழமை நவமி என்று சொல்லி அம்மா என்னைப் படலையைத் தாண்ட விடவில்லை. அவருடைய தாயும் அதையேதான் சொல்லியிருப்பார். மனிதர் கேட்டிருக்க மாட்டார். அந்த ஒரு நவமி என் உத்தியோக காலம் முழுக்க என்னைப் போட்டு ஆட்டி வைத்தது.

ஏனென்றால் அந்தக் கணக்கின்படி அவர் எனக்குச் சீனியர்.

திருகோணமலைத் துறைமுகத்தில் அப்போது பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் நடுவில் நங்கூரம் போட்டு நிற்கும். மலைநாட்டிலிருந்து லொறிகளில் வரும் தேயிலைப் பெட்டிகளைத் தட்டையான பெரிய படகுகளில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் கம்பனியின் வேலை. அவர் ஜெட்டியில் நின்று ஏற்றி இறக்குவதைப் பார்க்கிற ஓவசியர். காக்கிக் களிசான், வெள்ளைச் சேட்டு, வெயிலோ மழையோ கக்கத்தில் ஒரு குடை. நான் கந்தோருக்குள் தட்டெழுத்து இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தேன். அவருக்கு வேலை வெளியே, எனக்கு உள்ளே. ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கே போக வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் காலையில் வரவு இடாப்பில் அவர் கையெழுத்து வைத்த பிறகுதான் நான் வைக்கலாம். பியூன் தேத்தண்ணி கொண்டுவந்தால் முதல் கோப்பை அவருக்கு. ஒருமுறை புதுப் பியூன் ஒருவன் தெரியாத்தனமாக எனக்கு முதலில் நீட்டிவிட்டான்.

"தம்பி, தங்கச்சி வியாழக்கிழமை வந்தவ" என்றார் அவர். பியூனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோப்பை கைமாறியது.

வேலை பார்த்த காலத்தை எங்கள் பக்கத்தில் சேவிஸ் என்போம். அந்தச் சொல்லை அவரைப் போல உபயோகித்த ஒருவரை நான் பிறகு காணவில்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் அவரிடம் அந்த ஒரே அளவுகோல்தான். அவருடைய சைக்கிளுக்குச் சேவிஸ் இருந்தது. அவருடைய பல்வலிக்குச் சேவிஸ் இருந்தது. என் கலியாணத்துக்கு வந்தவர் மணவறையில் வைத்தே என் கணவரின் கையைப் பிடித்து, "தம்பி, உங்களுக்குச் சேவிஸ் இண்டைக்குத்தான் தொடங்குது. அவசரப்பட்டு ஒண்டும் கதையாதேங்கோ" என்று புத்தி சொன்னார். என் கணவர் அந்தப் புத்தியை இன்றுவரை கடைப்பிடித்து வருகிறார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

எங்களுக்குப் புது மனேஜர் ஒருவர் வந்தார். பி.ஏ. படித்தவர், நல்ல மனிதர், சிரிக்கத் தெரிந்தவர். வந்த கிழமையே ஜெட்டியில் படுத்துக் கிடந்த கறுத்த நாயைத் துரத்தச் சொன்னார்.

"ஐயா, அவனுக்கு நாலு வருஷ சேவிஸ்" என்றார் இவர். "உங்களுக்கு இன்னும் ஒரு மாசம் ஆகேல்லை."

மனேஜர் நாயைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "அப்ப இருக்கட்டும்" என்றுவிட்டு உள்ளே போனார். நாய் அங்கேயே கிடந்தது.

படித்தவர்கள் மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. "பட்டம் நல்லதுதான் தங்கச்சி. ஆனால் பட்டமெண்டால் காத்து வேணும். காத்து இருந்தால் ஏறும், இல்லாட்டி வளவுக்குள்ளை கிடக்கும்" என்பார். நாலு பேர் இருக்கிற இடமென்றால் இதைக் கட்டாயம் சொல்லுவார். சொல்லிவிட்டு, நாங்கள் சிரிக்கும்வரை எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

பிறகு அவருடைய மகள் கௌரி கம்பசுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, எடுபட்டாள். ஒரே பிள்ளை. எழுபதுகளின் தொடக்கம் அது. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் கந்தோரில் ஒரு கிளாக் வேலை காலியானது. மனேஜர் அவரைக் கூப்பிட்டு, மகளுக்கு விருப்பமென்றால் தரலாம் என்றார். அதோடு அந்த வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கௌரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் குசினிக் கட்டில் குந்தியிருந்து அழுதாள். "மாமி, அப்பா விடமாட்டன் எண்டுறார். நீங்கள் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ" என்றாள். நான் சொல்லி அவர் கேட்பார் என்று நினைக்க அந்தப் பிள்ளைக்கு எப்படி மனம் வந்ததோ. ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. எனக்கு மட்டும் கம்பஸ் கிடைத்திருந்தால் நவமி, அட்டமி ஒன்றும் பார்த்திருக்க மாட்டேன். அம்மாவையும் தள்ளிக்கொண்டு போயிருப்பேன். அடுத்த நாள் தேத்தண்ணி நேரத்தில் கதையைத் தொடங்கினேன்.

"அண்ணை, பிள்ளையைக் கம்பசுக்கு விடுங்கோ."

"விட்டால்?"

"படிப்பாள். பட்டதாரியாய் வருவாள்."

"வந்து?" கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கட ஒழுங்கையிலை ஒரு பெடியன் அப்பிடி வந்தவன்தான். வந்து வேலைக்கு எழுதி எழுதிப் போட்டுக்கொண்டு இருக்கிறான். தாய் காலமை புட்டு அவிச்சுக் குடுக்கிறா, மத்தியானம் சோறு போடுறா. ஒவ்வொரு நாளும் நான் அவன்ரை முகத்தைப் பாத்துக்கொண்டுதான் சைக்கிளிலை வாறன். என்ரை பிள்ளையை அப்பிடிப் பாக்க என்னாலை ஏலாது தங்கச்சி."

அப்படி வீட்டில் இருந்த பட்டதாரிகளை எனக்கும் தெரியும். அந்த நாளில் தெருவுக்குத் தெரு, ஒழுங்கைக்கு ஒழுங்கை ஒருவர் இருந்தார்.

"இப்ப சேர்ந்தாளெண்டால் அவள் ஓய்வு எடுக்கேக்கை இந்தத் துறைமுகத்திலை அவளை விடச் சேவிஸ் கூடின ஆள் ஒருத்தரும் இருக்க மாட்டினம்" என்றார். சொல்லும்போது முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "கம்பசிலை இருக்கிற காலத்தை ஆர் எண்ணுவினம்?"

"அவள் ஆசைப்படுறாள் அண்ணை."

"ஆசைப்படுவாள். நீங்களும் கதைப்பியள். நீங்கள் எனக்குப் பிறகு வந்தனீங்கள்" என்று கதையை முடித்துவிட்டு ஜெட்டிக்குப் போய்விட்டார்.

என்னால் முடியாததைக் கௌரி தானே செய்தாள். அவருக்கு ஒரு சட்டம் இருந்தது: வேலைக்கு வரவில்லை என்றால் அதை நேரில் வந்து சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றால் காய்ச்சலோடு வந்து சொல்லிப்போட்டுப் போக வேண்டும். கிண்ணியாவிலிருந்து ஒரு படகுக்காரர் போர்வையைப் போர்த்திக்கொண்டு, நடுங்க நடுங்கத் தோணி ஏறி இக்கரைக்கு வந்து, "ஓவசியர், எனக்கு இண்டைக்கு ஏலாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போனதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். கௌரி அந்தச் சட்டத்தைத்தான் பிடித்தாள்.

"அப்பா, நான் வரேல்லை எண்டு கம்பசுக்கு ஆர் சொல்றது?"

"எழுதிப் போடு."

"எழுதிப் போடுறதோ? நேரிலை வந்து சொல்லேல்லை எண்டு ஊரிலை உள்ள எல்லாரையும் பேசுறது நீங்கள்தானே."

மனிதர் மாட்டிக்கொண்டார். பதிவு செய்கிற நாளில் நேரில் போய், இந்தப் பிள்ளை வராது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வருவதென்று முடிவாயிற்று. அவருடைய மனைவிக்கு பஸ் ஏறினால் வயிற்றைப் பிரட்டும். "பிள்ளை தனிய அழுதுகொண்டு வரும். நீங்கள் கூடப் போங்கோ" என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். நானும் லீவு போட்டேன், நேரில் சொல்லித்தான்.

கண்டி றோட்டால் பஸ் தம்பலகாமம் தாண்டுவதற்குள் அவர் சாரதியின் சேவிஸ், கண்டக்டரின் சேவிஸ் எல்லாம் விசாரித்து முடித்திருந்தார். கௌரி யன்னல் ஓரமாக இருந்தாள். அழவில்லை. மடியில் ஒரு துணிப் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அதற்குள் சாப்பாடு என்று நினைத்தேன்.

கம்பஸ் வாசலில் ஒரே சனம். பெட்டி படுக்கையோடு பிள்ளைகள், பிள்ளைகளை விட அதிகமாகத் தாய் தகப்பன்மார். மரத்தடியில் ஒரு காட்சியைக் கண்டு அவர் அப்படியே நின்றுவிட்டார். தலை வழுக்கை விழுந்த ஒரு மனிதர் தகரப் பெட்டியைச் சுமந்துகொண்டு வியர்க்க விறுவிறுக்க வருகிறார். முன்னால் மீசை சரியாக முளைக்காத ஒரு பெடியன் கையை வீசிக்கொண்டு நடக்கிறான்.

"அண்ணா, இஞ்சையோ வைக்கிறது?" என்று வழுக்கைக்காரர் பெடியனைக் கேட்டார்.

இவரால் பொறுக்க முடியவில்லை. வழுக்கைக்காரருக்குக் கிட்டப் போனார். "தம்பி, இவர் உங்களுக்கு மகன் மாதிரி இருக்கிறார். ஏன் அண்ணா எண்டு கூப்பிடுறீங்கள்?"

"நான் வாத்தியாராய் இருந்துபோட்டுப் பிந்தித்தான் ஐயா எடுபட்டனான். அவர் போன வருஷம் வந்தவர். எனக்குச் சீனியர்."

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பெடியனின் பக்கம் திரும்பினார். "இஞ்ச சீனியர், ஜூனியர் பாக்கிறவையோ?"

"இஞ்ச அதுதான் ஐயா முதல் பாக்கிறது."

"வயசு போன ஆளெண்டாலும்? வசதியான ஆளெண்டாலும்?"

"ஆரெண்டாலும் ஐயா. முந்தி வந்தவர் முந்தி வந்தவர்தான்."

இவர் இன்னும் நெருங்கி நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு நாள் முந்தி வந்தால்?" என்று கேட்டார்.

பெடியன் சிரித்தான். "ஒரு நாளெண்டாலும் சீனியர்தான் ஐயா."

அவர் மெல்ல, மிக மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவ்வளவு காலமும் நான் உள்ளுக்குள் சிரித்தது, வெளியில் முணுமுணுத்தது, வீட்டில் போய்ச் சொல்லிச் சொல்லி நகைத்தது எல்லாவற்றுக்கும் படித்தவர்கள் கூடின இடத்தில் வைத்து எனக்குத் தீர்ப்பு வந்துவிட்டது.

"பாவம் அந்த மனுசன், பெட்டியைச் சுமக்குது" என்றேன்.

"என்ன பாவம்? ஒழுங்கான இடம்" என்றார். "எனக்கு இவ்வளவு நாளும் ஒருத்தரும் இதைச் சொல்லேல்லை. பிள்ளை, பதியிற இடம் எங்கை?"

"ஏனப்பா? வரேல்லை எண்டு சொல்லவோ?" என்றாள் கௌரி.

"விசர்க்கதை கதையாதை. நிண்டு மினக்கெட்டால் மற்றவை எல்லாரும் உனக்கு முந்திப் பதிஞ்சிடுவினம்." இரண்டடி வைத்தவர் நின்றார். "ஐயோ, உன்ரை செட்டிபிக்கற்றுகள் வீட்டிலையெல்லோ கிடக்குது."

கௌரி துணிப் பையைத் திறந்து காட்டினாள். "கொண்டந்தனான் அப்பா."

"ஏன் கொண்டந்தனீ?"

"எதுக்கும் எண்டு."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். திரும்பி வந்த அடுத்த நாள் அவர் மனேஜரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, அந்தக் கிளாக் வேலைக்கு மகளைச் சேருங்கோ."

"கம்பசுக்குப் போறா எண்டு கேள்விப்பட்டன்?"

"ஓம் ஐயா, போறாள். அதுக்கு முந்தி ஒரு நாளைக்குச் சேருங்கோ. அடுத்த நாள் விலகிடுவாள்."

மனேஜர் கதிரையில் சாய்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "ஒரு நாளாலை என்ன பிரயோசனம் காணும்?" என்று கேட்டார்.

அவர் சிரிக்கவில்லை. அறைக் கதவுக்கு வெளியே இருந்த என்னைக் கையால் காட்டி, "தங்கச்சியைக் கேளுங்கோ" என்றார்.

அப்படித்தான் கௌரி எங்கள் கந்தோரில் ஒரு நாள் வேலை பார்த்தாள். நீலச் சேலை உடுத்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்து வரவு இடாப்பில் எனக்குக் கீழே கையெழுத்து வைத்தாள். தகப்பன் அவளை ஜெட்டிக்குக் கூட்டிப் போனார். ஆவணி மாதம், வறண்ட கச்சான் காற்று வீசுகிற காலம், வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை. மனேஜர் வந்து, மழை வரலாம் என்று றேடியோ சொல்கிறது, பெட்டிகளைப் படங்குத் துணியால் மூடிக் கொண்டுபோனால் நல்லது என்றார்.

"ஐயா, இந்த மாசத்திலை மழையோ? என்ரை சேவிஸிலை நான் காணேல்லை" என்றார் இவர்.

"அப்பா, எதுக்கும் படங்கை இழுத்து மூடுவமே?" என்றாள் கௌரி.

"உனக்கு எத்தனை மணித்தியாலச் சேவிஸ் இருக்கும்?"

தேயிலைப் பெட்டிகளோடு படகு பாதித் தூரம் போயிருக்கும். கோணேசர் மலைப் பக்கமிருந்து வந்தது பாருங்கள் ஒரு மழை. நான் தட்டெழுத்தை விட்டுவிட்டு யன்னலுக்கு ஓடினேன். படகில் நின்றவர்கள் படங்கை இழுக்கப் படாத பாடு படுகிறார்கள். மேல் வரிசைப் பெட்டிகள் எல்லாம் நனைந்து போயின. அவர் குடையைக் கக்கத்தில் வைத்தபடியே ஜெட்டியில் தெப்பமாக நனைந்துகொண்டு நிற்கிறார். விரிக்கக்கூட இல்லை. மழை விட்டதும் சேட்டைப் பிழிந்துகொண்டு உள்ளே வந்தார். நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

"இந்த மழைக்குச் சேவிஸ் போதாது" என்றார்.

கௌரி கம்பஸ் போன பிறகு எங்களுக்கு அவரிடமிருந்து ஒழுங்காகச் செய்தி வந்தது. "மகளுக்கு இப்ப ஆறு மாசம்." "மகளுக்கு அடுத்த கிழமையோடை ஒரு வருஷம்." அவள் இரண்டாம் வருஷத்துக்கு ஏறிய அன்று முழுக் கந்தோருக்கும் தொதல் கொண்டுவந்து கொடுத்தார். "மகள் சீனியர் ஆயிட்டாள்" என்றார். என்ன பாடம் படிக்கிறாள் என்று மனேஜர் கேட்டதற்கு, "பொருளியலோ புவியியலோ, அது கிடக்கட்டும் ஐயா" என்று தொதல் தட்டை நீட்டினார். விடுமுறைக்கு வந்தபோது கௌரியிடம் நான் கேட்டேன், நீயும் பிள்ளைகளைப் பெட்டி சுமக்க விடுகிறாயா என்று. "சீச்சீ, இல்லை மாமி. நான்தான் அதுகளின்ரை பெட்டிக்கு ஒரு கை குடுக்கிறனான். அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள்.

பட்டம் பெற்று வந்தாள். வந்து, அவர் பயந்த மாதிரியே, வேலை இல்லாமல் வீட்டில் இருந்தாள். ஒரு வருஷம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. "நான் அண்டைக்கே சொன்னனான்" என்று ஒரு நாளாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. முன்பு முகத்தை மட்டும் பார்த்துக் கடந்து வந்த அந்த ஒழுங்கைப் பெடியனின் படலையில் இப்போது சைக்கிளை நிறுத்தி, அவனோடு கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு வரத் தொடங்கினார். சேவிஸ் என்ற சொல்லே அவர் வாயில் வருவது குறைந்தது. ஒரு நாள் காலையில் நான் அவசரத்தில் அவருக்கு முந்திக் கையெழுத்து வைத்துவிட்டேன். அவர் வந்து பார்த்தார், கீழே தன் கையெழுத்தை வைத்தார், குடையை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போனார். அன்றைக்குத்தான் நான் அந்த மனிதரை நினைத்துப் பயந்தேன்.

அன்று பின்னேரம் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "தங்கச்சி, அவளை நான் அண்டைக்கே இஞ்ச விட்டிருக்கவேணுமோ?"

"இல்லை அண்ணை."

"எப்பிடிச் சொல்றீங்கள்?"

"தெரியாது. ஆனால் இல்லை" என்றேன். அதற்கு மேல் எனக்கு உண்மையாகவே ஒன்றும் தெரியாது.

பிறகு கம்பனி இரண்டு உதவி மனேஜர்களை எடுக்கப்போவதாக அறிவித்தது. பட்டதாரிகள் மட்டும் விண்ணப்பிக்கலாம், அனுபவம் இருந்தால் விசேஷம். நேர்முகத்துக்கு எங்கள் மனேஜரோடு தலைமைக் கந்தோரிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். பலகைத் தட்டிக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. ஆங்கிலத்தில் நடந்ததைத் தமிழில் சொல்கிறேன். வந்த பிள்ளைகள் எல்லோரிடமும் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். எல்லோரும் இல்லை என்றார்கள். கௌரி மட்டும், "இருக்கு" என்றாள்.

"எவ்வளவு?"

"ஒரு நாள்."

சிரிப்புக் கேட்டது. "எங்கே?"

"இங்கேதான்."

"ஒரு நாளில் என்ன படித்தீர்கள்?"

"எவ்வளவு சேவிஸ் உள்ள ஆள் மழை வராது என்று சொன்னாலும், எதற்கும் படங்கை இழுத்து மூட வேண்டும் என்று படித்தேன்."

எங்கள் மனேஜரின் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அது முதலில் வந்தது. மற்றவர்களில் ஒருவர், "யார் அந்தச் சேவிஸ் உள்ள ஆள்?" என்று கேட்டார்.

"மன்னிக்க வேண்டும் சேர், அதைச் சொல்ல முடியாது. அவர் எனக்குச் சீனியர்."

நான் இதை ஜெட்டிக்கு ஓடிப்போய் அவரிடம் ஒப்புவித்தேன். கேட்டுக்கொண்டு நின்றார். "அந்த மழையை ஏன் இவள் அங்கை இழுத்தவள்?" என்று கோபப்பட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, நெடுநேரம் துடைத்தார்.

இரண்டு இடங்களில் ஒன்று கௌரிக்குக் கிடைத்தது. மற்றது அவர்களுடைய ஒழுங்கைப் பெடியனுக்கு. படலையில் சைக்கிளை நிறுத்தி, விண்ணப்பம் போடு என்று அவனைக் கரைச்சல் படுத்தியது இவர்தான் என்று பிறகு அறிந்தேன்.

முதல் நாள் காலை வரவு இடாப்பு மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றோம். மனேஜர் இரண்டு பேரையும் எங்களுக்கு அறிமுகம் செய்தார். "ரெண்டு பேருக்கும் இண்டைக்குத்தான் முதல் நாள்" என்றார்.

"மன்னிக்கவேணும் ஐயா" என்றார் அவர். பழைய குரல் திரும்பி வந்திருந்தது. "தம்பிக்கு முதல் நாள். மகளுக்கு இண்டைக்கு ரெண்டாம் நாள்." பெடியனின் தோளில் கையை வைத்தார். "தம்பி, இவ உங்களுக்கு ஒரு நாள் சீனியர்."

அந்தப் பெடியன் கௌரிக்குச் சில வருஷம் முந்திப் பட்டம் எடுத்தவன். விளங்காமல் விழித்தான். "ஒரு நாளாலை என்ன ஐயா வித்தியாசம்?" என்று கேட்டான்.

"தங்கச்சியைக் கேளுங்கோ" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கௌரியும்தான். அவர் மேசையில் இருந்த பேனையை எடுத்தார். வழக்கம்போலத் தன் கையெழுத்தை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். பேனையை என்னிடம் நீட்டினார்.

"இண்டைக்கு நீங்கள் முதல் வையுங்கோ, தங்கச்சி."

பேனையை அவருடைய கைக்குள்ளேயே திருப்பி வைத்தேன்.

"ஏலாது அண்ணை" என்றேன். "நான் வியாழக்கிழமை வந்தனான்."